குனியவே பயமா இருக்கு மேடம்!

முதுகு வலிக்கு பிலாட்டீஸ் நல்லா கேக்கும்னு போன தடவை ஒரு பதில்ல போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். அதனால இந்த இதழ் முழுக்க அதுவே. ஒருத்தர் "பைலட்ஸ் கோர்ஸ் எத்தனை மாசம்"னு கேட்டிருக்கார். அய்யா, அது விமானம் ஓட்டறது இல்ல, பிலாட்டீஸ், ஒரு உடற்பயிற்சி முறை, அதை உருவாக்கின மனுஷனோட பேருதான் அது, அவர் கதை கீழ வருது. அப்புறம் நிறைய பேர் என்னை டாக்டர்னு எழுதறீங்க, நான் பிசியோதெரபிஸ்ட், மருந்து மாத்திரை சமாச்சாரமெல்லாம் உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

கேள்வி: மேடம், எனக்கு 38 வயசு. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற வேலை. எட்டு மாசமா இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்ததுல எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுலேர்ந்து குனியவே பயமா இருக்கு, ஷூ லேஸ் கட்டக்கூட என் பொண்ணைத்தான் கூப்பிடறேன். பிலாட்டீஸ் பண்ணா டிஸ்க் இன்னும் வெளிய வந்துடாதா?

முதல்ல அந்த ரிப்போர்ட்டை கொஞ்சம் ஓரமா வைங்க. டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை, எல்4-எல்5னா கீழ் முதுகுல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கறது. வலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்துப் பாத்த ஆய்வுகளையெல்லாம் ஒண்ணா சேத்து 2015ல ஒரு கணக்கு வெளியாச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்ல 100க்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்துச்சு, 50 வயசுல 60 பேருக்கு, 80 வயசுல 84 பேருக்கு. இவங்க யாருக்கும் வலி கிடையாது, அதை மறந்துடாதீங்க. உங்க வலிக்கும் டிஸ்குக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்லல, இருக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல அந்த வார்த்தை இருக்கறதால மட்டும் உங்க முதுகு உடைஞ்சு போச்சுன்னு ஆயிடாது. வலி கால்ல இறங்குதா, பாதம் மரத்துப் போகுதா, கால்ல பலம் குறைஞ்சிருக்கான்னு நீங்க எழுதல. அதுல ஏதாவது இருந்தா நேர்ல ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க.

இப்போ உங்க கடிதத்துல என்னை யோசிக்க வச்ச விஷயத்துக்கு வரேன், டிஸ்க் இல்ல, அந்த ஷூ லேஸ். உங்களை நான் பாத்ததே இல்ல, ஆனா நீங்க நாற்காலிலேர்ந்து எப்படி எழுந்திருப்பீங்கன்னு சொல்லட்டுமா? ரெண்டு கையையும் தொடைமேல ஊனி, மூச்சை அடக்கி, முதுகை பலகை மாதிரி விறைச்சு வச்சுக்கிட்டு, ஒரே தூக்கா தூக்கி நிப்பீங்க. எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் அப்படித்தான், ரூமுக்குள்ள நடந்து வரும்போதே தெரிஞ்சிடும், கையே ஆடாது. ஒண்ணுமே இல்லாத காலி பையை எட்டு மாசம் கைய நீட்டி பிடிச்சுக்கிட்டே இருந்தா தோள்பட்டை என்னாகும்? உங்க முதுகுத் தசை இப்போ அந்த நிலைமைலதான் இருக்கு. வலிக்குதேன்னு இறுக்கினீங்க, இறுக்கினதால வலிக்குது, வலிக்குதேன்னு இன்னும் இறுக்கறீங்க.

பிலாட்டீஸ் இங்கதான் வேலை செய்யுது. வயித்தை சுத்தி உள்ளுக்குள்ள பட்டை போட்ட மாதிரி ஒரு தசை இருக்கு, முதுகெலும்போட ஒவ்வொரு எலும்பையும் ஒட்டி குட்டிக் குட்டியா மல்டிஃபிடஸ்னு ஒரு தசை இருக்கு, கீழ ஒண்ணுக்கை அடக்க உதவற இடுப்புத்தளத் தசை, மேல மூச்சு விடற உதரவிதானம். இந்த நாலும் சேந்துதான் நடுவுடம்பை தாங்குது, கோர் கோர்னு எல்லாரும் சொல்றது இதைத்தான், கண்ணாடில தெரியற கட்டை கட்டையான வயிறு இல்ல. சாதாரணமா நீங்க கையைத் தூக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடியே அந்த உள்பட்டை தயாராயிடும், முதுகு வலி இருக்கறவங்களுக்கு அது லேட்டா வருதுன்னு 1996ல ஆஸ்திரேலியால ஒரு ஆய்வுல காட்டினாங்க. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, முதல் தடவை முதுகு வலி வந்து சரியானவங்களுக்கு வலி போனப்புறமும் மல்டிஃபிடஸ் தானா பழைய அளவுக்கு திரும்பலைன்னு சொல்லுச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டு அப்புறம் ஊர் உலகமெல்லாம் "எப்பவும் தொப்புளை உள்ள இழுத்தே வச்சுக்கோ"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுல எனக்கு உடன்பாடே இல்ல. ஏற்கனவே நாள் பூரா இறுக்கிப் பிடிச்சிருக்கற உங்களை மாதிரி ஆளுக்கு இன்னும் இறுக்குன்னு சொன்னா என்ன ஆகும்? தேவைப்படும்போது தேவையான அளவு பிடிக்கணும், வேலை முடிஞ்சதும் விடணும், இந்த விடறதையும் சேத்துதான் நீங்க கத்துக்கணும்.

இன்னைக்கே ஒண்ணு பண்ணிப் பாருங்க. தரைல மேட் போட்டு மல்லாக்க படுத்து ரெண்டு முழங்காலையும் மடக்கி பாதத்தை ஊனிக்குங்க. இடுப்புக்கு முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் துருத்திக்கிட்டு ஒரு எலும்பு தட்டுப்படும், அதுலேர்ந்து ரெண்டு விரக்கடை உள்பக்கமா விரலை வச்சு லேசா அழுத்துங்க. இப்போ ஒரு தடவை இருமுங்க. விரலை வெளிய தள்ளுச்சா, அது இருமலோட முரட்டு வேகம், அது நமக்கு வேணாம். மூச்சை மெதுவா வாய் வழியா விட்டுக்கிட்டே, ஒண்ணுக்குப் போறதை பாதில நிறுத்தற மாதிரி லேசா பிடிங்க, விரலுக்கு அடியில ஒரு துணியை இழுத்துக் கட்டின மாதிரி மெல்லிசா ஒரு டென்ஷன் வரும், அதுதான் நாம தேடற தசை. முழு பலம்னா பத்துன்னு வைங்க, அதுல ரெண்டோ மூணோ போதும். அதே பிடியோட ஒரு குதிகாலை தரையோட தேய்ச்சுக்கிட்டே நீட்டுங்க, மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே திரும்ப மடக்குங்க. கால் நீளும்போது இடுப்பு ஆடக்கூடாது, முதுகு தரைலேர்ந்து இன்னும் தூக்கிக்கவும் கூடாது. இவ்ளோதானான்னு தோணும், செஞ்சு பாருங்க, நாலாவது தடவைலயே இடுப்பு ஒரு பக்கம் சாயும். ஒரு காலுக்கு எட்டு, தினமும். முடிச்சதும் வயித்தை சுத்தமா தளர விடுங்க, அதையும் சேத்துதான் ஒரு செட்.

குனியறதுக்கு: நாற்காலில உக்காந்து, மூச்சு விட்டுக்கிட்டே முதல்ல தலை, அப்புறம் மேல் முதுகு, அப்புறம் நடு முதுகுன்னு ஒவ்வொரு எலும்பா கீழ இறங்குங்க, கை முழங்கால் வரைக்கும் போனா இந்த வாரத்துக்கு போதும். அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழ, அதுக்கடுத்து கணுக்கால். வலி பத்துக்கு மூணு நாலுக்குள்ள இருந்து மறுநாளைக்குள்ள அடங்கிடுச்சுன்னா ஒண்ணும் ஆகல, தொடரலாம். கால்ல இருக்கற வலி மேல ஏறி இடுப்புக்கு வந்தா அது நல்ல சகுனம், பயப்படாதீங்க. இடுப்புல இருந்தது காலுக்கு இறங்கினா மட்டும் நிறுத்துங்க. ஷூ லேஸை கட்டினதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.

கேள்வி: வீடியோ பாத்து ஹண்ட்ரட் பண்றேன். வயித்துல ஒண்ணுமே தெரியல, கழுத்துதான் உயிர் போகுது. முதுகும் வளைஞ்சு தூக்குது. எங்க தப்பு?

தப்பு உங்க மேல இல்ல, வரிசை மேல. ஹண்ட்ரட்னா தலையையும் தோளையும் தூக்கி, காலை நீட்டி காத்துல வச்சுக்கிட்டு, கையை 100 தடவை மேலயும் கீழயும் தட்டறது, அஞ்சு எண்ணிக்கைக்கு மூச்சு இழுத்து அஞ்சுக்கு விட்டு, அப்படி பத்து சுத்து. பழைய பிலாட்டீஸ் மேட் வரிசைல 34 பயிற்சி, அதுல இதுதான் முதல்ல வரும், அதனால எல்லா வீடியோவும் இதுலேர்ந்தே ஆரம்பிக்குது. முதல்ல வர்றதால சுலபம்னு நினைச்சுடறோம். நல்லா பழகின உடம்புக்கு சூடு ஏத்தறதுக்கு வச்சது அது.

தலையை கீழ வைங்க. ஒரு மடிச்ச துண்டை தலைக்கு அடியில வச்சுக்குங்க, பாதம் தரைல இருக்கட்டும், கையை மட்டும் தட்டுங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு முழங்காலை மட்டும் மேல தூக்கி வச்சுக்கிட்டு, அப்புறம் ரெண்டும். முதுகு தரைலேர்ந்து வளைஞ்சு தூக்குச்சுன்னா காலோட கனத்தை உங்க வயிறு இன்னும் தாங்கலைன்னு அர்த்தம், உடனே ஒரு படி இறங்கிடுங்க. வீடியோல இருக்கறவங்களுக்கு நீங்க தெரிய மாட்டீங்க, அதான் அதோட பெரிய குறை.

நேர்ல இருந்தாலும் சில பேர் பாக்க மாட்டாங்கங்கறது வேற விஷயம். நான் படிச்சு முடிச்ச புதுசுல குனிஞ்சு ஒரு பெட்டியைத் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிட்டுச்சு, அந்த வாரமே ஒரு க்ளாஸுக்குப் போனேன், சொல்லியும் கேக்காம மல்லாக்க படுத்த நிலைலேர்ந்து சுருண்டு எழுந்து உக்கார்ற ரோல் அப்பை இருபது தடவை பண்ண வச்சாங்க, வலிச்சா நல்லதுன்னு வேற சொன்னாங்க. மூணு நாள் சாக்ஸ் போட முடியல. ஒரு பிசியோவே வாயை மூடிக்கிட்டு பண்ணிட்டு வந்தேனே, அந்த வெக்கம் இன்னும் இருக்கு. அதனால சொல்றேன், வேணாம்னு தோணுச்சுன்னா எழுந்து உக்காந்துடுங்க, யார் என்ன நினைச்சாலும் சரி.

கேள்வி: மேடம், வயசு 26, ஜிம்முக்குப் போறவன். டெட்லிஃப்ட்ல முதுகு பிடிச்சுது. பிலாட்டீஸ் பண்ணுன்னு பிசியோ சொன்னார், அது லேடீஸ் எக்சர்சைஸ்னு ஃப்ரெண்ட்ஸ் ஓட்டறாங்க.

தம்பி, உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதைச் சொல்லுங்க. ஜோசப் பிலாட்டீஸ் 1883ல ஜெர்மனில பொறந்தவர், சின்ன வயசுல ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு, நோஞ்சான் பையன். வளந்து குத்துச்சண்டை போட்டார், ஜிம்னாஸ்டிக் பண்ணார். இங்கிலாந்துல இருக்கும்போது முதல் உலகப் போர் வந்துடுச்சு, ஜெர்மன்காரர்னு பிடிச்சு முகாம்ல அடைச்சுட்டாங்க. அங்க கூட இருந்த ஆம்பளைங்களுக்குத்தான் இந்தப் பயிற்சியை சொல்லிக் கொடுத்தார். படுத்த படுக்கையா இருந்தவங்களுக்கு கட்டில்ல ஸ்பிரிங் மாட்டி கையைக் காலை அசைக்க வச்சார்னு சொல்லுவாங்க, இன்னைக்கு ஸ்டூடியோல பாக்கற ஸ்பிரிங் வச்ச மெஷினுக்கு மூலம் அதுதான்னு. 1926 வாக்குல நியூயார்க் போய் மனைவி க்ளாராவோட ஸ்டூடியோ போட்டார், பாலே டான்ஸர்கள் அடிபட்டா அங்க வந்து சேர்றது வழக்கமாச்சு, அந்த டான்ஸர் கூட்டத்தாலதான் பின்னாடி இதுக்கு பெண்கள் பயிற்சிங்கற பேரு ஒட்டிக்கிச்சுன்னு நான் நினைக்கறேன். அவர் இதுக்கு வச்ச பேரு கான்ட்ராலஜி. அது யார் வாயிலயும் நிக்கல, அவர் பேரே நின்னுடுச்சு. அந்தப் பேரு யாருக்கு சொந்தம்னு கோர்ட் வரைக்கும் போய், 2000ல அமெரிக்க கோர்ட், இது யோகா மாதிரி பொதுப் பேரு, ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இதனால நமக்கு ஒரு தொந்தரவு இருக்கு, யார் வேணா போர்டு மாட்டலாம், அதனால சொல்லித் தர்றவங்க எங்க எத்தனை நாள் படிச்சாங்கன்னு கேட்டுட்டு சேருங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

உங்க விஷயத்துக்கு: டெட்லிஃப்டை, அதான் தரைலேர்ந்து கனத்தைத் தூக்கறதை, நிறுத்த வேணாம். நாலு கால்ல நிக்கற மாதிரி மண்டி போட்டு கை ஊனி, எதிர் எதிர் கையும் காலும் நீட்டறதை பண்ணுங்க, முதுகு மேல ஒரு தண்ணி பாட்டிலை படுக்க வச்சுக்கிட்டு. உருண்டு விழாம பத்து பண்ணிட்டா உங்க ஃப்ரெண்ட்ஸையும் பண்ணச் சொல்லுங்க, ஓட்டறது நின்னுடும்.

கேள்வி: யோகா, வாக்கிங், ஜிம், பிலாட்டீஸ், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதுகு வலிக்கு உண்மைல எது பெஸ்ட்? மெஷின் இருக்கற இடத்துக்குத்தான் போகணுமா?

நான் பிலாட்டீஸ் சொல்லித் தர்றவ, அதனால என் வார்த்தையை கொஞ்சம் கழிச்சே எடுத்துக்குங்க. 2015ல காக்ரேன்ங்கற, மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசற குழு 10 ஆய்வு, மொத்தம் 510 பேர், எல்லாத்தையும் சேத்துப் பாத்துச்சு. சும்மா இருக்கறதுக்கும் அறிவுரை மட்டும் கேட்டுட்டுப் போறதுக்கும் பிலாட்டீஸ் மேல், வலியும் குறையுது, அன்றாட வேலையும் சுலபமாகுது. ஆனா வேற உடற்பயிற்சியோட ஒப்பிட்டா இதுதான் ஒசத்தின்னு அடிச்சு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னாங்க. 2021ல 200க்கு மேல ஆய்வுகளை எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டப்போ நாள்பட்ட இடுப்பு வலிக்கு மத்த பல வகைகளைவிட பிலாட்டீஸ் கொஞ்சம் முன்னாடி வந்துச்சு, கூடவே மெக்கன்சிங்கற இன்னொரு பிசியோதெரபி பயிற்சி முறையும். கொஞ்சம்தான், அடுத்தடுத்த ஆய்வுல இது மாறினாலும் ஆச்சரியம் இல்ல.

என் அனுபவத்துல எது பெஸ்ட்னா ஆறு மாசம் கழிச்சும் நீங்க பண்ணிக்கிட்டு இருக்கறதுதான் பெஸ்ட். பிலாட்டீஸ்ல எனக்குப் பிடிச்சது, எவ்ளோ பயந்தவங்களையும் அவங்க இருக்கற இடத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம், குதிகாலை தேய்க்கறதுலேர்ந்துகூட. யோகால ஒரு நிலைக்குப் போய் அதுல நிக்கறது அதிகம், இதுல அசைஞ்சுக்கிட்டே கட்டுப்பாட்டைத் தேடறது அதிகம், அதுக்கு மேல பெரிய சண்டை இதுல இல்ல. மெஷின் கட்டாயம் இல்ல. ரிஃபார்மர்ங்கற அந்த ஸ்பிரிங் மெஷின்ல ஸ்பிரிங் உங்க கனத்தை வாங்கிக்கும், ரொம்ப பலவீனமா இருக்கறவங்களுக்கும் மூட்டு வலி இருக்கறவங்களுக்கும் அது உதவி. மத்தவங்களுக்கு தரையே போதும். முதல்ல நாலஞ்சு க்ளாஸ் மட்டும் ஒருத்தர் நேர்ல பாத்து திருத்தற மாதிரி அமைச்சுக்குங்க, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் அரை மணி நேரம் வீட்லயே. ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியணும், மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் ஒரு இம்மி நகரலைன்னா வேற ஏதாவது மாத்தணும், அதையே வெறியோட பண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

கேள்வி: எங்கம்மாவுக்கு 67 வயசு, எலும்பு தேய்மானம் (ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறையறது), முன்னாடியே ஒரு முதுகெலும்பு அமுங்கியிருக்கு. கூன் விழ ஆரம்பிச்சிருக்கு. பிலாட்டீஸ் க்ளாஸ்ல சேக்கலாமான்னு யோசிக்கறோம்.

சேக்கலாம், ஆனா எந்த க்ளாஸ்னு பாத்து. உங்கம்மாவுக்கு ஆகாத பயிற்சி பிலாட்டீஸ்ல நிறைய இருக்கு, இதை வெளிப்படையா சொல்லாம ஆள் சேக்கற இடங்களைப் பாத்தா எனக்கு கோவம் வரும். முன்னால சுருள்றதுதான் பிரச்சனை: ரோல் அப், பந்து மாதிரி முன்னும் பின்னும் உருள்றது, தலையைத் தூக்கி ஹண்ட்ரட், காலை தலைக்குப் பின்னாடி போடறது, இதெல்லாம் சுத்தமா வேணாம். குனிஞ்சபடி இடுப்பை முறுக்கறதும் வேணாம். முதுகுல ஒவ்வொரு எலும்போட முன்பக்கமும் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், சுருள்றப்போ கனமெல்லாம் அந்த முன்பக்கத்துலதான் போய் விழும். 1984லயே இதை ஒரு ஆய்வு பாத்துச்சு, சின்ன ஆய்வுதான், எலும்புத் தேய்மானம் இருந்த பெண்கள்ல குனியற பயிற்சி மட்டும் பண்ணவங்கள்ல 100க்கு 89 பேருக்கு புதுசா எலும்பு அமுங்குச்சு, பின்னால நிமிர்ற பயிற்சி பண்ணவங்கள்ல 16 பேருக்குத்தான்.

அதனால அம்மாவுக்கு நிமிர்றதுதான் மருந்து. குப்புற படுத்து, நெத்திக்கு அடியில மடிச்ச துண்டு, வயித்துக்கு அடியில மெல்லிசா ஒரு தலகாணி, மூச்சு விட்டுக்கிட்டே மார்பை ஒரு சாண்கூட இல்ல, ஒரு கைவிரல் நுழையற அளவுக்கு தூக்கி மூணு எண்ணி இறக்கணும். குப்புற படுக்க முடியலைன்னா சுவத்துக்கு முதுகு காட்டி நின்னு, தலையோட பின்பக்கத்தை சுவத்துல தொட முயற்சி பண்ணட்டும், முகவாய் மேல தூக்கிக்காம. ஒருக்களிச்சு படுத்து மேல் காலைத் தூக்கறது, மண்டி போட்டு எதிர் கை கால், நாற்காலியைப் பிடிச்சு ஒத்தக் கால்ல நிக்கறது. இந்த கடைசி ஒண்ணை விடவே விடாதீங்க, நிறைய பேருக்கு எலும்பு ஒடையறது கீழ விழறதாலதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை, க்ளாஸ்ல சேர்றப்போ அந்த ரிப்போர்ட்டோட ஒரு காப்பி. "எல்லாரும் பண்றாங்கல்ல, நீங்களும் பண்ணுங்கம்மா"ன்னு சொல்ற க்ளாஸா இருந்தா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுங்க.

கேள்வி: அக்கா, குழந்தை பொறந்து அஞ்சு மாசம். இடுப்பு விட்டுப் போற மாதிரி வலி. எழுந்திருக்கும்போது வயித்து நடுவுல ஒரு மேடு மாதிரி தூக்குது. வயிறு குறையணும்னு தினமும் க்ரஞ்சஸ் பண்றேன், வலி கூடத்தான் செய்யுது.

க்ரஞ்சஸை, அதான் மல்லாக்க படுத்து தலையையும் தோளையும் சுருட்டித் தூக்கறதை, இன்னைக்கே நிறுத்தும்மா. அந்த மேடுதான் உன் உடம்பு உங்கிட்ட சொல்ற சேதி. வயித்து நடுவுல ரெண்டு பக்கத் தசையும் சேர்ற கோடு, குழந்தைக்கு இடம் விட்டு விலகிப் போச்சு, பிரசவத்துக்கு அப்புறம் அது மெல்ல மெல்ல சேரும், சில பேருக்கு முழுசா சேராது. மல்லாக்க படுத்து முழங்கால் மடக்கி, தொப்புளுக்கு மேல விரலை குறுக்கா வச்சு தலையை மட்டும் லேசா தூக்கு, பள்ளத்துல எத்தனை விரல் இறங்குதுன்னு பாரு. ரெண்டு விரலுக்கு மேல இறங்கினாலோ, பள்ளம் ரொம்ப ஆழமா கொழகொழன்னு இருந்தாலோ இடுப்புத்தள பிசியோ யாராவது இருந்தா அவங்ககிட்ட காட்டு. இருமும்போது, தும்மும்போது ஒண்ணுக்கு கசிஞ்சாலும் அவங்ககிட்டதான் போகணும், அதை வெக்கப்பட்டு மறைக்காத.

எந்தப் பயிற்சில அந்த மேடு எழும்புதோ அது இப்போதைக்கு உனக்கு இல்ல, இதுதான் உன்னோட ஒரே சட்டம். முதல் கேள்விக்கு நான் சொன்ன அந்த மூச்சும் குதிகால் தேய்க்கறதும் உனக்கும் சரி. அப்புறம் பிரிட்ஜ், மல்லாக்க படுத்து மூச்சு விட்டுக்கிட்டே இடுப்பைத் தூக்கறது, பத்து தடவை. ஒருக்களிச்சு படுத்து பாதம் ரெண்டும் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறக்கற மாதிரி திறக்கறது. இதுக்கெல்லாம் உனக்கு தனியா நேரம் எங்க கிடைக்கப் போகுது, குழந்தையை பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டே பண்ணு. குழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி மூச்சை விட ஆரம்பிச்சுட்டு தூக்கு, அடக்கிக்கிட்டு தூக்காத. ஒரு நாளைக்கு நாப்பது தடவை தூக்கறியே, உனக்கு அதைவிடப் பெரிய பயிற்சி வேற இல்ல. சிசேரியன்னா உங்க டாக்டர் சரின்னு சொன்னப்புறம் ஆரம்பி.

கேள்வி: மூணு நாள் முன்னாடி தும்மினப்போ இடுப்பு பிடிச்சுக்கிட்டுச்சு, நிமிரவே முடியல. உடனே பிலாட்டீஸ் ஆரம்பிச்சா சீக்கிரம் சரியாகுமா?

இப்போ வேணாம். இந்த மாதிரி திடீர் பிடிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல நல்லா குறைஞ்சு ஆறு வாரத்துக்குள்ள அடங்கிடும். படுத்தே கிடக்காதீங்க, அது மட்டும்தான் தப்பு. வீட்டுக்குள்ள நடங்க, வெந்நி ஒத்தடம் இதமா இருந்தா குடுங்க, மல்லாக்க படுத்து காலை நாற்காலி மேல போட்டுக்குங்க, முழங்காலை மடக்கி வச்சு ரெண்டு பக்கமும் லேசா ஆட்டுங்க. நிமிர முடிஞ்ச உடனே ஆரம்பிக்கலாம்.

ஆனா இதுல ஏதாவது இருந்தா இதழை மூடி வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க: ஒண்ணுக்கு வரலை, இல்ல தெரியாமலே போயிடுது, தொடை நடுவுல, சைக்கிள் சீட்ல படற இடம் மரத்துப் போச்சு, ஒரு காலோ ரெண்டு காலுமோ பலம் இழந்து மடங்குது. இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. காய்ச்சலோட முதுகு வலி, காரணமே இல்லாம எடை குறையறது, முன்னாடி புத்துநோய் இருந்தவங்களுக்கு புதுசா வலி, விழுந்து அடிபட்டப்புறம் வலி, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ராத்திரி பூரா குறையாத வலி, இதுக்கும் பயிற்சி பதில் இல்ல, டாக்டர்தான்.

கேள்வி: மூணு மாசம் பிலாட்டீஸ் பண்ணேன், வலி போயே போச்சு. இப்போ நிறுத்திட்டேன். திரும்ப வருமா?

வரலாம். முதுகு வலி சரியானவங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப எட்டிப் பாக்குது. நீங்க மட்டும் இல்ல, வலி போனதும் மேட்டை சுருட்டி மூலைல சாய்ச்சு வைக்கறதுதான் எல்லாரும் பண்றது, எங்க வீட்லயும் ஒரு தடவை நாலு மாசம் அப்படியே நின்னுச்சு.

மறுபடி முழுசா மூணு நாள் க்ளாஸ் போக வேணாம். வாரத்துக்கு ரெண்டு தடவை இருபது நிமிஷம் போதும், மத்த நாள்ல நடங்க. 2024ல ஆஸ்திரேலியால 701 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, எல்லாரும் முதுகு வலி வந்து சரியானவங்க. பாதிப் பேருக்கு ஒரு பிசியோ வழிகாட்டி மெல்ல மெல்ல கூட்டி அரை மணி நேரம் வாரத்துக்கு அஞ்சு நாள் நடக்கறதை நோக்கி கொண்டு போனாங்க, முதுகு வலியைப் பத்தி புரியவும் வச்சாங்க. நடக்காதவங்களுக்கு வலி திரும்ப வர நடுவாந்தரமா 112 நாள், நடந்தவங்களுக்கு 208 நாள். அது பிலாட்டீஸ் இல்ல, வெறும் நடைதான், நான் பிலாட்டீஸ் ஆளா இருந்தும் இதை சொல்றேன் பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம், காலைல எழுந்த உடனே குனிஞ்சு பயிற்சி பண்ணாதீங்க. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்கெல்லாம் தண்ணியை உறிஞ்சு உப்பியிருக்கும், காலைல நாம ராத்திரியைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரமாக்கூட இருப்போம், அப்போ ஆழமா குனிஞ்சா டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடிட்டு அப்புறம் மேட்டை விரிங்க. நான் பண்றது என்னன்னா, பூனை மாதிரி முதுகை மேல வளைச்சு கீழ இறக்கறது ஆறு, பிரிட்ஜ் பத்து, எதிர் கை கால் பத்து, பக்கவாட்டுல படுத்து முழங்கையை ஊனி இடுப்பைத் தூக்கறது ஒரு பக்கத்துக்கு அஞ்சு, குப்புற படுத்து மார்பைத் தூக்கறது ஆறு. டைம் இல்லாத நாள்ல பிரிட்ஜ் மட்டும். அதுவும் இல்லாத நாளும் உண்டு, அதுக்காக மறுநாள் டபுளா பண்றது இல்ல.

கேள்வி: மேட் இல்லாம கட்டில்லயே படுத்து பண்ணலாமா?

மெத்தை அமுங்கும், அதனால இடுப்பு ஆடறது உங்களுக்கே தெரியாது, தப்பா பண்ணாலும் சரியா பண்ற மாதிரியே இருக்கும். தரைல கனமான போர்வை ரெண்டை மடிச்சுப் போட்டுக்கிட்டா போதும், வழுக்காம மட்டும் பாத்துக்குங்க. தரைல உக்காந்து எழுந்திருக்க முடியாதவங்கன்னா கட்டில்லயே பண்ணுங்க, கைக்கு ஒரு நாற்காலி பக்கத்துல இருக்கட்டும்.